இடிதாங்கி அண்ணனும் மடுல்கெல்ல கம்பிச்சாமியும்

இடிக்குப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடி விழுந்தால் மாதாவைக் கூப்பிடுகிறவர்களுக்குள் நானும் ஒருத்தி. ஆனால் இடியை ஒபீஸ் பியோனை அதட்டுவது போல அதட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கண்டியில் இருந்தார்.

"வாறியோ? வா! உனக்கெண்டு வழி போட்டு வைச்சிருக்கிறன். அதால இறங்கிப் போ. வீட்டுக்குள்ள கால் வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்!"

ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்ததும் எங்கள் ஒபீஸ் மொட்டை மாடியில் ஏறி நின்று, விரலை நீட்டி நீட்டி இப்படிச் சொல்வார். கீழே தெருவில் போகிறவர்கள், மாடியில் யாரோ கடன்காரனை விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இரண்டு வரிக்கு நீளும். எங்களுக்கு அவர் இடிதாங்கி. நேரில் மட்டும் "அண்ணே" என்போம். யாழ்ப்பாணத்து மனிதர். இளம் வயதில் ரேடியோ வேலை படிக்கக் கண்டிக்கு வந்தவர், படிப்பு முடிந்தும் போகவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். எங்கள் கம்பனி ரேடியோக்களைப் பார்ப்பதும் அவர்தான். ஈர்க்குச்சி உடம்பு, கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. ஆனால் மழை இடியோடு வந்தால் குடையை விரிக்கவே மாட்டார். "நனைஞ்சா காயலாம் பிள்ளை. எரிஞ்சா என்ன செய்யிறது?" என்று சொட்டச் சொட்ட வந்து நிற்பார்.

யார் வீட்டுக்குப் போனாலும் கதிரையில் உட்காருவதற்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றி வருவார். எர்த் கம்பி எங்கே இறங்குகிறது என்று பார்க்கத்தான். பிலிமத்தலாவையில் மருமகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே செய்திருக்கிறார். பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்து பார்த்தால் முன்னறையில் ஒருவரும் இல்லையாம். பின் வளவில் பெண்ணின் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கால் குழி தோண்ட, நம் ஆள் பக்கத்தில் நின்று, "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாராம். சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு எர்த் வந்துவிட்டது.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தமிழர் கடைகளைத் தேடித் தேடி எரித்த அந்த ஆடிக் கலவரத்தில் அவருடைய கடையையும் கொளுத்தினார்கள். எல்லாரும், இனி இந்த மனிதர் கண்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்றார்கள். நிலைமை அடங்கியதும் வந்து நின்றார். கரிக்குவியலுக்குள் நடந்து போய், மூலையில் மண்ணை விலக்கித் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற என்னிடம் சொன்னார்: "எல்லாம் எரிஞ்சு போச்சுது பிள்ளை. எர்த் எரியேல்லை. அது காணும், வேறொண்டும் வேண்டாம்." அடுத்த மாதமே அதே இடத்தில் அதே பெயரில் பலகையை மாட்டிவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் அம்பிட்டியக்காரி. தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் கண்டி ஒபீஸில் ரேடியோ மேசை என்னுடையது. காலையில் ஒவ்வொரு தோட்டமாகக் கூப்பிட்டுக் கொழுந்து நிறை கேட்பேன், செய்தி சொல்வேன். மடுல்கெல்ல தோட்டத்து ரேடியோ மட்டும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தது, அதுதான் அங்கே உயரமான இடம். டெலிபோன் உண்டா என்று கேட்காதீர்கள். கலவரக் காலத்தில் விழுந்த கம்பங்கள் விழுந்தபடியே கிடந்தன. பிரசவத்தில் ஒருத்திக்குச் சிக்கல் என்றால் அந்த ரேடியோவில் என்னைக் கூப்பிடவேண்டும், நான் கண்டியிலிருந்து அம்புலன்ஸ் அனுப்பவேண்டும். வேறு வழி கிடையாது.

ஐப்பசி இடியில் அந்த ரேடியோ எரிந்தது. எரிந்த கிழமையே ஒரு சின்னப் பெண்ணுக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. கொழுந்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அந்த நேரம் நான் என் மேசையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் சமையல் குறிப்பு படித்துக்கொண்டிருந்தேன். செய்தி தெரிந்த பிறகு எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

மனேஜர் புதுச் செட் ஒன்று வரவழைத்தார். வரவழைத்துவிட்டு, இடிதாங்கி அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு, "இதுதான் கடைசி. இதுவும் எரிந்தால் மடுல்கெல்ல தோட்டத்துக்கு ரேடியோ கிடையாது. கொழும்பில் முடிவு செய்துவிட்டார்கள்" என்றார்.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இந்த முறை விடமாட்டன் பிள்ளை. ஆகாசமே இடிஞ்சு விழட்டும், அந்தச் செட்டில ஒரு கீறல் விழ விடமாட்டன்."

சொன்னபடி, கொழும்புக்கு ஆள் விட்டு ஒரு சாமான் எடுப்பித்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குழாய். இரண்டு முனையிலும் மரை, பக்கத்தில் எர்த் கம்பி பூட்ட ஒரு ஆணி. அன்ரனாவிலிருந்து வரும் வயரை அறுத்து, செட்டுக்குப் போகும் முன் இதை நடுவில் பூட்டவேண்டுமாம். மின்னல் வயர் வழியாக வந்தால் இது தடுத்து மண்ணுக்கு இறக்கிவிடுமாம். அதைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் கம்பனியின் வான் வண்டியில் புறப்பட்டோம். நான் எதற்கு என்றால், வழியில் செக்பொயின்ட் உண்டு. "நீங்க வாயே திறக்கக் கூடாது அண்ணே. நான்தான் பேசுவேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஏறினேன்.

யுத்தக் காலம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, மடியில் ஒரு ரேடியோ செட், பையில் பித்தளைக் குழாய். எனக்கு வத்தேகமை வருவதற்குள்ளேயே மூன்று அருள் நிறைந்த மந்திரம் முடிந்துவிட்டது. சோதனைச் சாவடியில் ஒரு இளம் ராணுவப் பையன் கம்பனியின் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தான், செட்டைப் பார்த்தான், தலையாட்டினான். அதோடு முடிந்திருக்கவேண்டும். அவன் அண்ணனின் சட்டைப் பைக்குக் கை காட்டி, "மேக்க மொகக்த?" என்றான். இது என்னவாம்.

"சும்மா வயர் சாமான் மாத்தயா" என்றேன் நான் சிங்களத்தில்.

"வயர் சாமானோ!" என்று பாய்ந்தார் அண்ணன். சத்தியம் காற்றில் போனது. அவருடைய சிங்களத்திலும் யாழ்ப்பாணத்து இழுவை உண்டு. "தம்பி, இது லேசுப்பட்ட சாமானில்லை. இதுக்குள்ள வாயு அடைச்சிருக்கு!"

வாயு என்ற சொல் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், பையன் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியைத் தூக்கினான். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். 'பாவி மனுசா, என்னையும் சேர்த்துக் கொல்லப் பார்க்கிறியே' என்று உள்ளுக்குள் திட்டினேன். அவரோ துப்பாக்கியைக் கவனிக்கவே இல்லை. நிதானமாகக் குழாயின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளேயிருந்ததை உள்ளங்கையில் தட்டினார். பெப்பர்மின்ட் மாதிரி ஒரு சின்ன வெள்ளை வில்லை.

"இதைப் பார் தம்பி. குரல் போறது நடுக்கம்பியால. நேராப் போகும், நேரா வரும். இந்த வில்லை பக்கத்தில சும்மா இருக்கும். ஒரு பக்கம் நடுக்கம்பியில முட்டிக்கொண்டு, மற்றப் பக்கம் இந்தப் பித்தளை உடம்பில முட்டிக்கொண்டு. வில்லைக்குள்ள ஒரு சின்ன இடைவெளி, அதுக்குள்ளதான் வாயு. சாதாரண நாளில வாயு நித்திரை. ஒண்டையும் கடத்தாது. மின்னல் வரேக்க நடுக்கம்பியில அழுத்தம் எகிறும். உடனே வாயு திடுக்கிட்டு எழும்பும். எழும்பினா வாயுவே கம்பி மாதிரி. வந்த முழுதையும் உடம்புக்குத் தள்ளி, உடம்பால மண்ணுக்கு இறக்கிப்போடும். பின்னால இருக்கிற செட்டுக்கு ஒண்டும் தெரியாது. அழுத்தம் இறங்கினா வாயு திரும்பவும் நித்திரை."

பையன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "அப்போ இது எங்கள மாதிரித்தான். நாள் முழுக்கச் சும்மா இருந்துட்டு, ஏதாவது வந்தா மட்டும் எழும்பணும்."

"ஓம். ஆனா இது அடையாள அட்டை கேக்காது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரித்து முடித்து ஒரு கேள்வி கேட்டான்: "கீழ இறங்க மண்ணுல வழி இல்லேன்னா?"

"அப்பிடிக் கேள்!" அண்ணனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "எர்த் இல்லாட்டி இது வெறும் குழாய். ஊதக்கூட உதவாது."

பையனின் ஊரில் மாமரத்தடியில் கட்டியிருந்த பசுவை இடி அடித்துவிட்டதாம். அவனுடைய அம்மா இப்போதும் மழை வந்தால் அழுவாளாம். அவ்வளவுதான், அண்ணன் வானை விட்டு இறங்கிக் குடை நுனியால் தரையில் எர்த் குழிப் படம் கீறத் தொடங்கிவிட்டார். பின்னால் வாகனங்கள் வரிசையில் நின்று ஹோர்ன் அடிக்கின்றன. படம் முடிந்து, பையன் வாங்கிப் பார்த்த வில்லையைத் திருப்பிக் கொடுக்கும்போது அது கை நழுவி விழுந்து உருண்டது.

"ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று கத்தினார் அண்ணன்.

ராணுவம் அப்படியே நின்றது. நானும் நின்றேன். பின்னால் ஹோர்ன் அடித்தவன்கூட நிறுத்திவிட்டான். அவர் மட்டும் முழங்காலில் தவழ்ந்து, ஒரு சிப்பாயின் சப்பாத்தைத் தூக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் கிடந்த வில்லையை எடுத்து ஊதித் துடைத்துக் குழாய்க்குள் போட்டார். வான் புறப்பட்டபோது மூன்று சிப்பாய்களும் கை காட்டினார்கள். நான் மடுல்கெல்ல வரைக்கும் அவரோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களை வரவேற்றது மருத்துவச்சி மருதாயி அக்கா. பெரிய உடம்பு, பெரிய குரல். தோட்டத்துத் துரையே அவள் வந்தால் தொப்பியைக் கழற்றுவார். லொறியில் அந்தப் பிள்ளை போனபோது தாயைத் தாங்கிப் பிடித்திருந்தவள் அவள்தான்.

"வாங்கய்யா. இந்தத் தடவையாவது நிக்குமா?"

"நிக்கும் அம்மா. விடமாட்டன்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆழக் குழி தோண்டி, செப்புக் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார். அந்தக் கம்பியிலிருந்து பித்தளைக் குழாய்க்கு ஒரு செப்புப் பட்டி போகவேண்டும். இடையில் ஒரு சுவர். சுற்றிக்கொண்டு போகலாமே என்றேன். "மின்னலுக்கு வளைவு பிடிக்காது பிள்ளை. நேர் வழி விட்டாத்தான் போகும்" என்று சொல்லிச் சுவரில் ஓட்டை போட்டார். மருதாயி அக்கா போட்ட சத்தம் கண்டிக்குக் கேட்டிருக்கும். குழாயை ஒரு இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு ஊசி குத்திக்கொண்டார். யாராவது நோண்டிக் கெடுத்துவிடுவார்கள் என்று பயம்.

"அம்மா, மண் காயப்படாது. காய்ஞ்ச மண் மின்னலை வாங்காது. மாசி பங்குனி வெயிலில ஒவ்வொரு நாளும் ஒரு வாளி தண்ணி இந்தக் கம்பியடியில ஊத்தவேணும்."

"நல்லா இருக்கே கத! பீலியில குடிக்கவே தண்ணி சொட்டுச் சொட்டா வருது. இரும்புக்கு யாருய்யா ஊத்துவா?"

"உது இரும்பில்லை, செம்பு."

"ஆமா, அதுக்குத்தான் தாகமோ!"

பங்குனியில் பார்த்துவர மறுபடி போனோம். மலையெல்லாம் காய்ந்து, புல் மஞ்சளாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரிப் பின்பக்கம் போன அண்ணன் போட்ட கத்தலில் நான் பாம்பு என்று நினைத்து ஓடினேன். கம்பி உச்சியில் சந்தனம், குங்குமப் பொட்டு. கழுத்தில் செவ்வந்தி மாலை, இடுப்பில் மஞ்சள் துணி. மேலே எலுமிச்சம்பழம். மலையிலிருந்து இறங்கிவந்த பெண்கள் கூடையோடு வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

"கோதாரி! ஆர் இந்த வேலை பாத்தது? உது வெறும் செப்புக்கம்பியடியப்பா! கம்பிக்கு ஏன் கும்பிடு?"

அவர் கோயில் படி மிதிக்காத மனிதர். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க்கூட மின்சார வேலையில் குறை சொல்லிவிட்டு வந்தவர்.

மருதாயி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "நான்தான் வெச்சேன். என்ன இப்ப? ரெண்டு நாளு நான் சொன்னேன், ஊத்துங்கடின்னு. ஒருத்தி ஊத்தல. மூணாம் நாளு பொட்டு வெச்சு, புள்ளத்தாச்சிய காக்கிற கம்பிச்சாமின்னு சொன்னேன். இப்ப ஊரே ஊத்துது. ஒங்களுக்குத் தண்ணி வேணுமா, பேரு வேணுமா?"

அண்ணன் மீற்றரை எடுத்து எர்த்தை அளந்தார். முள்ளைப் பார்த்தார், மருதாயியைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"பிள்ளை, இப்பிடி ஒரு எர்த் கண்டி டவுனிலயும் இல்லை" என்று என் காதோடு சொன்னார். போகும்போது ஒரேயொரு கட்டளை: "பொட்டு வையுங்கோ, மாலை போடுங்கோ. எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டாம். புளி செம்பை அரிக்கும்."

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால் முதல் இடி வந்தது. பகல் சாப்பாட்டு நேரம் கிழக்கே மலைகள் மறைந்தன. கண்டி வரைக்கும் ஜன்னல் அதிர்ந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும் நான் கூப்பிட்டேன். "மடுல்கெல்ல, மடுல்கெல்ல, கண்டி பேசுது." ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மனேஜர் வந்து என் பின்னால் நின்றார். "போய்விட்டது. நான் கொழும்புக்குச் சொல்கிறேன்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

கடையிலிருந்து நனைந்துகொண்டே ஓடிவந்தார் அண்ணன். "செட் சாகேல்லை! வில்லை செத்திருக்கு. பெரிய அடி விழுந்தா உள்ளுக்குள்ள உருகி ஒட்டிப்போம். பிறகு அதுக்கு நித்திரை இல்லை, குரலையும் சேத்து எர்த்துக்கு இறக்கிப்போடும். குழாயைக் கழற்றிப்போட்டு வயரை நேராக் குடுத்தாச் சரி. நான் காட்டிக் குடுத்திருக்கிறன், அந்த மனுசியே செய்யலாம்..." சொல்லிக்கொண்டிருந்தவர் நின்றார். கை சட்டைப் பைக்குப் போனது. ஊசி குத்திய சாவி அங்கேயே இருந்தது.

"பெட்டியைப் பூட்டிப்போட்டு வந்திட்டன் பிள்ளை" என்றார். அந்த முகத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

குடையைக்கூட எடுக்கவில்லை. மாற்று வில்லையை வாய்க்குள் போடாத குறையாகப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். வழியில் மரம் விழுந்து பஸ் நின்றதும், அங்கிருந்து அந்த வளைவுப் பாதை முழுதும் நடந்திருக்கிறார். அது பிறகுதான் எனக்குத் தெரியும். ஒபீஸ் பூட்டும் நேரம் வந்தது. "என்னை உள்ளே வைத்துப் பூட்டுங்கள்" என்று நான் மேசையை விட்டு எழும்பவில்லை. காவல்காரர் ஜெபமாலையை உருட்டும் என்னைப் பார்த்துவிட்டுச் சாவியோடு திரும்பிப் போனார்.

பொழுது சாய்கிற நேரம். செட்டுக்குள் ஒரு இரைச்சல். பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல்: "கண்டி, கண்டி... கேக்குதோ பிள்ளை?"

நான் "கேட்குது அண்ணே" என்று சொல்லி முடிக்கவில்லை, மைக்கைப் பறித்துக்கொண்டு மருதாயி அக்காவின் குரல் வந்தது. "அம்மா, சீக்கிரம் வண்டி அனுப்புங்க! இங்க ஒருத்திக்குக் காலையிலேருந்து வலி, மத்தியானத்துக்கு மேல சிக்கலாயிருச்சு. போன தடவ புள்ளய பறிகுடுத்தாளே, அவ தங்கச்சி. கத்தியுங் கூப்பிட்டும் பாத்துட்டோம், ரேடியோவுல சத்தமே இல்ல!"

அம்புலன்ஸ் போனது. மரம் வெட்டிக் கிடந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்தது, ஆனாலும் போனது. கண்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சுகம். செட்டில் ஒரு கீறல் இல்லை. பித்தளைக் குழாய்க்குள் அந்த வெள்ளை வில்லை மட்டும் கறுத்து, ஒட்டி, செத்துக் கிடந்தது. மனேஜர் கொழும்புக்கு, செட் தப்பிவிட்டது என்று சொன்னார்.

"நான் சொன்னனே, செட் சாகேல்லை எண்டு" என்று அண்ணன் ஒரு மாதம் கண்டி முழுக்கச் சொல்லித் திரிந்தார். சாவிக் கதையை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதன் மிச்சத்தை எனக்குச் சொன்னவள் மருதாயி அக்கா. முதல் நாள் அவசரத்தில் வயரை நேராகக் கொடுத்திருந்தவர், மறுநாள் காலையில் புது வில்லையைப் பூட்டிவிட்டு, ஊசியைக் கழற்றிச் சாவியை அவள் கையில் கொடுத்தாராம். "இனி உங்களிட்ட இருக்கட்டும். எல்லாரையும் விட நான்தான் கெட்டிக்காரன் எண்டு பூட்டினன்" என்றாராம். பிறகு யாரும் சொல்லாமலே வாளியை எடுத்துப் பீலிக்குப் போய், வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, கம்பிச்சாமிக்கு ஊற்றினாராம். கும்பிட்டாரா என்று கேட்டேன். "கும்புடல. ஆனா கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு" என்றாள்.

யுத்தம் முடிவதற்கு முன்பே மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். போகும்முன் அம்பிட்டியவில் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடிக்க மறுத்து, மேற்குப் பக்கத்தில் குழி தோண்டி, தன் கையால் ஒரு கம்பி இறக்கினார். போனில் பேசும்போது சுகம் விசாரிக்கமாட்டார், பிள்ளைகளைக் கேட்கமாட்டார். ஒரே கேள்விதான் கேட்பார்.

அவர் அங்கேயே கண்ணை மூடியும் பல வருஷமாகிறது. இடி முழங்கினால் இப்போதும் நான் மாதாவைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் வெயில் காலத்தில் மேற்கே வானம் கறுக்கத் தொடங்கினால், முதலில் ஒரு வாளித் தண்ணீரோடு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். "ஊத்தினியோ பிள்ளை?" என்று எங்கிருந்தாவது கேட்டால், "ஓம் அண்ணே" என்று சொல்லவேண்டுமே.